பேபியக்கா கட்டிய கோழி வலை

பேபி மெண்டனுக்கு ஐம்பத்து நான்கு வயது. பள்ளியில் சேர்க்கும்போது நல்ல பெயராக மாற்றிவிடலாம் என்று வீட்டில் பேச்சு இருந்தது. நான்காம் வகுப்போடு பள்ளிக்கூடமே நின்றுபோனதால் பெயர் தப்பித்துக்கொண்டது. மங்களூருக்கு வடக்கே உச்சில கடற்கரையில் விடிகாலை நாட்டுப் படகுகள் கரையேறும்போது, ஏலத்தில் முதலில் கேட்கும் குரல் அவளுடையதுதான். "இவ ஒரு தடவை கத்தினா போதும், என்ஜின் நின்னுபோன படகுகூடக் கரைக்கு வந்துடும்" என்பான் அவள் புருஷன் சதாசிவன். அவன் மல்பே துறைமுகத்தில் பெரிய விசைப்படகில் வேலை செய்பவன். கடலுக்குள் போனால் பத்து நாள் ஆள் கிடைக்க மாட்டான். அதனால்தான் இப்படியெல்லாம் தைரியமாகப் பேச முடிகிறது.

இருபத்தெட்டு வருஷமாகக் கூடை சுமக்கிறாள். வாய் கொஞ்சம் நீளம். சந்தையில் மீனைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு வாங்காமல் போகிறவர்களை அவள் சும்மா அனுப்பியதில்லை. "என்ன மாராய்ரே, மீனுக்கு ஜுரம் இருக்கான்னு பார்த்தீங்களா?" என்று நாலு பேர் திரும்பிப் பார்க்கிற மாதிரி கேட்பாள். கேட்கப்பட்டவர் முக்கால்வாசி நேரம் வாங்கிவிடுவார்.

மழைக்காலத்தில் படகுகளைக் கரையேற்றி ஓலை போட்டு மூடிவிட்டால் இரண்டு மாதம் மீனுக்குப் பஞ்சம். அந்த இரண்டு மாதமும் அடுப்பு எரிவது கொல்லைப்புறக் கோழிகளால். பதினான்கு கோழிகள், ஒரு சேவல். கோழிகளுக்கெல்லாம் சந்தையில் தன்னோடு சண்டை போட்டவர்களின் பெயரை வைத்திருந்தாள். சண்டை தீர்ந்துவிட்டால் பெயர் மாறும். அடித்துக் குழம்பு வைத்துவிட்டாலும் மாறும். ஆனால் அடைகாக்கிற கோழியை மட்டும் யார் பெயரைச் சொல்லியும் திட்ட மாட்டாள். அவள் பார்வையில் அது அப்போது பிள்ளைத்தாய்ச்சி.

போன பங்குனியில் அப்படி அடைவைத்த பதினொரு முட்டையும் ஒரே வாரத்தில் போயின. ஓடுகூட மிஞ்சவில்லை. கீரியாக இருந்தால் ஓடு கிடக்கும், மரநாயாக இருந்தால் கோழியே போயிருக்கும். முழுசாக விழுங்குகிற ஜாதி ஒன்றுதான். தெருவே வைத்தியம் சொன்னது. பூண்டை நசுக்கிப் போடு என்றாள் ஒருத்தி, கந்தகம் தூவு என்றாள் இன்னொருத்தி, அலமாரியில் போடுகிற வெள்ளை உருண்டையைக் கூட்டைச் சுற்றி வை என்றான் ரேஷன் கடைக்காரன். எல்லாவற்றையும் செய்து பார்த்தாள். கொல்லை முழுக்க மருந்துக்கடை வாசனை அடித்ததுதான் மிச்சம். ஒரு வாரம் கழித்து மறுபடியும் இரண்டு முட்டை காணோம்.

வருவது சாரையாக இருந்தால் துடைப்பத்தால் நாலு போட்டு விரட்டலாம். நல்ல பாம்பாக, நாகராக இருந்தால்? அந்தப் பக்கத்தில் நாகரின் மேல் யாரும் கோலை ஓங்க மாட்டார்கள். பாதையில் செத்துக் கிடந்தால்கூட மேலே வெள்ளைத் துணி போர்த்தி, பட்டரை அழைத்து, சந்தனமும் நெய்யும் வைத்து மனுஷனை எரிப்பது போலவே எரிப்பார்கள். நம் வீட்டு எல்லைக்குள், நம் கையால் நடந்துவிட்டால் அந்த வீட்டுக்குத் தீட்டு, தோஷம், இன்னும் வாயால் சொல்லத் தயங்குகிற எல்லாமும். தோஷம் எங்கே வந்து பிடிக்கும் என்பதும் எல்லாருக்கும் தெரியும். வயிற்றில்தான் பிடிக்கும். பிள்ளை தங்காது.

அடிக்கவும் கூடாது, முட்டையை விடவும் மனசில்லை. மீன்காரிக்கு அப்போது வேறென்ன தோன்றும்? சதாசிவன் மூலையில் சுருட்டிப் போட்டிருந்த பழைய நைலான் வலையை எடுத்தாள். கூட்டைச் சுற்றி, மேலே, கீழே என இரண்டு மடிப்பாக இழுத்துக் கட்டினாள். "யாரையும் அடிக்க வேண்டாம், யாரும் உள்ளே வரவும் வேண்டாம்" என்று பக்கத்து வீட்டு இந்திரக்காவிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டாள்.

இதெல்லாம் நடந்தபோது அவள் மகள் பிரதிமா ஏழு மாத கர்ப்பிணியாக வீட்டுக்கு வந்திருந்தாள். கல்யாணமாகி எட்டு வருஷம். மங்களூரில் இரண்டு டாக்டர், மும்பையில் மூன்று டாக்டர், குக்கே கோயிலில் நாகதோஷத்துக்கு ஆஸ்லேஷ பலி பூஜை, குடும்பத்து நாகவனத்தில் புது நாகக்கல் வைத்துப் பிரதிஷ்டை. எது பலித்ததோ, எல்லாருக்கும் ஒரு பங்கு நன்றியைப் பேபி ஒதுக்கி வைத்திருந்தாள். ஆனால் பெரிய பங்கு நாகருக்குத்தான். ஞாயிற்றுக்கிழமை சீமந்தம். மாப்பிள்ளை சனிக்கிழமை ரயிலில் வருகிறான்.

புதன்கிழமை காலை ஏழு மணிக்குக் கடற்கரையிலிருந்து மத்திக் கூடையோடு வந்தாள். கூடையை வாசலில் இறக்கிவிட்டு, சந்தைக்குக் கிளம்பும் முன் கோழிகளைத் திறந்துவிடலாம் என்று கொல்லைக்குப் போனாள். கோழிகள் கத்தவில்லை. பதினான்கும் கூட்டின் ஒரே மூலையில் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றன.

வலையில் நாகர் இருந்தார்.

தலையும் ஒரு முழ உடம்பும் வலைக்கு வெளியே இருந்தன. மீதி உள்ளே. பசியில் மெலிந்த உடம்போடு கண்ணிக்குள் நுழைந்து, முட்டையை விழுங்கி, புடைத்த வயிற்றோடு அதே மாதிரி இன்னொரு கண்ணி வழியாக வெளியே வரப் பார்த்திருக்கிறார். வயிறு சிக்கிக்கொண்டது. முறுக்கிக்கொண்டு திமிறியதில் இரண்டு மடிப்பு வலையும் சேர்ந்து இறுகியிருந்தது. நைலான் இழை செதிளுக்குள் புதைந்த இடத்தில் உடம்பு வெளுத்துத் தெரிந்தது. அவளைக் கண்டதும் படம் எடுத்தார். எடுத்த படம் நிற்கவில்லை. பாதியில் சரிந்து மண்ணில் விழுந்தது.

பேபியின் கையிலிருந்த தீவனத் தகரம் விழுந்தது. ஐயோ, நான் கட்டின வலை, நான் கட்டின வலை என்று மனசுக்குள் அதையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தாள். அடிக்கக் கூடாது என்று கட்டியதே தூக்குக்கயிறாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் நாலு நாள். இவர் இங்கே செத்தால் சீமந்தம் நிற்கும். சீமந்தம் நின்றால் நிற்கட்டும், அந்த வயிற்றில் இருப்பது?

முதலில் ஓடிப்போய்ச் சமையலறைக் கதவை வெளியிலிருந்து சாத்தினாள்.

"பிரதிமா! கொல்லைப் பக்கம் வராதே! கோழிக்கு ஏதோ சீக்கு!"

"என்ன சீக்கு?" உள்ளேயிருந்து குரல் வந்தது.

"கோழிச் சீக்குடி! நீ படுத்துக்கோ!"

சதாசிவனுக்குப் போன் போட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒரு பெண் மூன்று பாஷையில் சொன்னாள். எந்தப் பாஷையிலும் அவன் கிடைக்கவில்லை. பிறகு மதிலைத் தட்டி இந்திரக்காவைக் கூப்பிட்டாள்.

இந்திரக்கா நல்ல மனசுக்காரி. அவசரத்தில் கூப்பிடக் கூடாத ஆள். வலையைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள். கத்தி கொண்டுவரப் போகிறாள் என்று பேபி நினைத்தாள். அவள் ஒரு சொம்பு பாலோடு திரும்பினாள். தூரத்தில் நின்றபடியே, "சாந்தமாகு தெய்வமே, சாந்தமாகு" என்று மொத்தப் பாலையும் நாகரின் மேல் வீசி ஊற்றினாள். பாதி பால் நாகரின் மேல், பாதி வலையின் மேல்.

கால்மணி நேரம் இருவரும் கைகூப்பி நின்றார்கள். அதற்குள் மதிலோரத்திலிருந்து செவ்வெறும்பு வரிசை கட்டிக் கிளம்பிவிட்டது.

"இந்திரக்கா! எறும்பு!"

"அடக் கடவுளே. சக்கரை போடாத பாலுதானே!"

"எறும்புக்கு அது தெரியுமா? பாலு ஊத்தச் சொல்லி உங்களை யாரு கேட்டா? நாகபஞ்சமியா இன்னிக்கு?"

பேபி ஒரு வாளித் தண்ணீரை எட்டி நின்று வீசினாள். எறும்பு கொஞ்சம் கலைந்து மறுபடி கூடியது. நாகர் இப்போது சீறவும் இல்லை. இந்திரக்கா பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"பேபி, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதே. ஆகக் கூடாதது ஆயிட்டா, எங்க வீட்டு வாசு சாக்குல போட்டு ஆத்து முகத்துல விட்டுட்டு வந்துடுவான். சாரைன்னு சொல்லிடலாம். நீயும் நானும் தவிர யாரு பார்த்தா?"

"நாகருக்குத் தெரியாதா?"

"அவருக்குத் தெரியும். ஊருக்குத் தெரிய வேண்டாம்ல? பட்டருக்குத் தெரிஞ்சா சீமந்தம் நடக்குமா?"

வேறொரு நாளாக இருந்தால் பேபி அவளை அந்த மதிலைத் தாண்டித் தூக்கி எறிந்திருப்பாள், வாயால்தான். அன்று அவள் திட்டவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

அப்போது வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. கொல்லையைச் சுற்றிக்கொண்டு வந்தான் சிரில் லோபோ. பக்கத்து ஊரான படுபித்ரியில் ஸ்கூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறவன். பத்து ஊருக்கும் பாம்பு பிடிக்கிறவனும் அவன்தான். கிறிஸ்தவனானதால் நாகதோஷம் அவனைத் தொடாது என்பது ஊர் நம்பிக்கை. அவன் பெண்டாட்டிக்கு அந்த நம்பிக்கை கிடையாது. கையில் கொக்கிக் கோலும் ஒரு கண்ணாடிக் குழாயும் இருந்தன.

"உன்னை யாருப்பா கூப்பிட்டது?" என்றாள் பேபி.

"உங்க பொண்ணுதான். ஆறு மணிக்கே போன் பண்ணிச்சு. ஒரு வண்டி வழியில நின்னுபோச்சுன்னு தள்ளிவிட்டுட்டு வர்றேன், லேட்டாயிடுச்சு."

பேபி திரும்பினாள். சமையலறை ஜன்னலில் பிரதிமா நின்றுகொண்டிருந்தாள்.

"குளியலறை ஜன்னல்லருந்து பார்த்தேம்மா" என்றாள். "நீ கரையில இருந்த. சொன்னா பயந்து கூடையோட விழுந்துடுவேன்னு சொல்லல."

"எனக்குப் பயமா? உனக்குத்தாண்டி பயம் வரக் கூடாதுன்னு கதவைச் சாத்தினேன்!"

"கோழிச் சீக்குன்னியே, அப்பவே நீ பார்த்துட்டேன்னு தெரிஞ்சுது. உனக்குப் பொய் சொல்ல வராதும்மா."

சிரில் இதையெல்லாம் காதில் வாங்கவில்லை. குனிந்து பார்த்தவன் முகம் சுளித்தான். "பாலு ஊத்தின புண்ணியவான் யாரு?" இந்திரக்கா வானத்தில் பறந்த காக்கையைப் பார்த்தாள். சிரில் தண்ணீர் கேட்டு வாங்கி, மெதுவாக ஊற்றி எறும்பைக் கழுவினான். பிறகு கொக்கியோடு நெருங்கியதும் நாகரின் உடம்பு அலை அலையாக அசைந்தது. வாய் பிளந்து ஒரு முட்டை வந்து விழுந்தது. பின்னால் இன்னொன்று, இன்னொன்று. மூன்றும் உடையாமல் வழுவழுவென்று மண்ணில் உருண்டன.

"நல்லது. ஓடணும்னு நெனச்சா வயித்தைக் காலி பண்ணும். உசிரு மேல இன்னும் ஆசை இருக்கு" என்றான் சிரில்.

தலையைக் கண்ணாடிக் குழாய்க்குள் நுழையவிட்டு, குழாயின் வாயோடு உடம்பைச் சேர்த்து இடது கையால் பிடித்துக்கொண்டான். இனி கடிக்க முடியாது. வலது கையால் வாலைப் பிடித்து உள்பக்கமாக இழுக்கப் போனான்.

"இழுக்காதே!" பேபி கத்திய கத்தலில் கோழிகள் பறந்தன. "வந்த வழியே இழுத்தா செதிள் அத்தனையும் கிழிஞ்சிடும்! வலையில மாட்டினதைப் போற வழியேதான் விடணும்!"

சிரில் கையை எடுத்தான். "சரி. ஆனா இழை உள்ள புதைஞ்சிருக்கு. எனக்கு இருக்கிறது ஒரு கை. யாராவது வெட்டணும், பேபியக்கா. சீக்கிரம்."

சின்னக் கத்தரிக்கோலை நீட்டினான். இந்திரக்கா இரண்டடி பின்னால் போனாள். பேபி கையை நீட்டியபோது இந்திரக்கா அலறினாள்.

"குளிக்காம தொடாதே! மீன் கை!"

பேபி தன் கைகளைப் பார்த்தாள். மத்திச் செதிள் நகக்கண் வரை ஒட்டியிருந்தது. நாகவனத்துக்கு வெளியே நிற்பதென்றாலும் அவள் தலைக்குக் குளித்துவிட்டுத்தான் போவாள். முதல் நாளிலிருந்தே வீட்டில் மீன் ஏறாது. சுத்தமில்லாத காற்று பட்டாலே கோபம் வரும் என்று வளர்ந்தவள். அந்தக் கையால் அவரையே தொடுவதா?

"நான் குளிச்சிட்டு வர்ற வரைக்கும் இவரு உசிரோட காத்திருப்பாரா? நீங்க கேட்டுச் சொல்லுங்க இந்திரக்கா" என்று சொல்லிவிட்டு மண்டியிட்டாள்.

வலைக்குள் மாட்டியதை எடுப்பது அவளுக்குப் பன்னிரண்டு வயதில் வந்த வேலை. நண்டுக்கு ஒரு விதம், கெளுத்திக்கு ஒரு விதம். எல்லா இழையையும் வெட்டத் தேவையில்லை. மற்றவற்றை இறுக்கிப் பிடித்திருக்கும் ஒன்றைக் கண்டுபிடித்தால் போதும். விரலை உடம்பில் வைத்துத் தடவிக்கொண்டு போனாள். மீன் போல வழுக்கும் என்று நினைத்தாள். வழுக்கவில்லை. உலர்ந்து, குளிர்ந்து, பட்டுப்புடவை மடிப்பு மாதிரி இருந்தது. விரலுக்கடியில் உள்ளே ஏதோ மெல்லத் துடித்தது. அவளுக்கு அழுகை வந்தது. மூக்கைத் தோளில் துடைத்துக்கொண்டாள்.

"மன்னிச்சுக்கோங்க சாமி, நான்தான் கட்டினேன். நல்லதுக்குன்னு கட்டினேன்" என்று முணுமுணுத்துக்கொண்டே ஒரு இழையை நகத்தால் நெம்பி வெட்டினாள். பக்கத்து இழை தளர்ந்தது. இரண்டு, மூன்று. ஐந்தாவது ரொம்ப ஆழம். கத்தரி முனையைப் படுக்கவைத்து, மூச்சைப் பிடித்து, செதிளுக்கும் இழைக்கும் நடுவே நுழைத்தாள். 'டக்' என்றது. உடம்பைப் பிடித்து இறுக்கியிருந்த வளையம் மொத்தமும் அவிழ்ந்து விழுந்தது.

"இப்போ முன்னாடி தள்ளு. மெதுவா, மெதுவாடா!"

வால் வரைக்கும் வெளியே வந்தது. சிரில் நாகரை ஈரத் தரையில் பூவரச நிழலில் விட்டு, குழாயை உருவிக்கொண்டு பின்வாங்கினான். நாகர் கிடந்தபடியே கிடந்தார். ஒரு சிறு அசைவுகூட இல்லை.

"சிரில், என்னடா?"

"பொறுங்க."

"செத்துட்டாராடா?"

"பொறுங்கன்னேனே."

பேபி கையில் கத்தரியோடு நின்றாள். ஜன்னலில் பிரதிமா இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு நாகரின் நாக்கு வெளியே வந்தது. கறுப்பு நூல் போல ஒரு தரம், இரண்டு தரம். தலை ஒரு விரற்கடை எழும்பியது. உடம்பு நெளிந்தது. அவசரமே இல்லாமல், பூவரச வேரைச் சுற்றிக்கொண்டு, மதிலின் விரிசலை நோக்கி நகர்ந்தார். சிரில் கோலோடு பின்னாலேயே போய், மதிலுக்கு அப்பால் தாழம்புதர் வரை பார்த்துவிட்டு வந்தான்.

"போயிடுச்சு. நல்லாத்தான் போகுது. தோல் உரிக்கும்போது காயமும் போயிடும்."

பேபி அப்படியே ஈர மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். முதலில் அழுதாள். அழுகை நடுவிலேயே சிரிப்பாக மாறியது, அதை நிறுத்தவும் முடியவில்லை. அவள் சிரிப்பதைப் பார்த்து இந்திரக்கா சிரித்தாள். ஏன் சிரிக்கிறோம் என்று தெரியாமலே சிரிலும் சிரித்தான். எட்டு வருஷத்துக் கனம் தலையிலிருந்து இறங்கியது போல இருந்தது அவளுக்கு. கதவைத் திறந்ததும் பிரதிமா வந்து பக்கத்தில் உட்காரப் பார்த்தாள். "ஈரத்துல உட்காராதேடி!" என்ற அதட்டல் வந்தபோதுதான் அம்மா பழையபடி ஆகிவிட்டாள் என்று எல்லாருக்கும் நிம்மதி வந்தது.

சிரில் காப்பி குடித்தான். காசு வேண்டாம் என்றான். மத்தி வேண்டாம் என்று சொல்லவில்லை. போகும்போது, வலையை அவிழ்த்து எரித்துவிடச் சொன்னான். "விரல் நுழையாத கம்பி வலையா வாங்கி அடிங்க. சாயங்காலமே முட்டையை எடுத்துடுங்க. சிந்தின தீனிக்கு எலி வருது, எலிக்குத்தான் இது வருது. கூட்டுக்கடியில பெருக்குங்க, பாதி வேலை முடிஞ்சுது." பேபி அன்றே எல்லாவற்றையும் செய்தாள். அதுவரை யார் சொல்லியும் எதையும் அன்றே செய்ததாக அவள் சரித்திரத்தில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சீமந்தம் நன்றாக நடந்தது. மாப்பிள்ளை மும்பையிலிருந்து மூன்று பெட்டி இனிப்பு கொண்டுவந்தான். சதாசிவன் சனிக்கிழமை இரவே கரைக்கு வந்து, நடந்ததைக் கேட்டு, "என் வலையை என்னைக் கேக்காம எடுத்தா இப்படித்தான்" என்று ஒரு வார்த்தை சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டான். பிரதிமாவின் தலையில் மல்லிகை தாங்க முடியாத கனத்துக்கு ஏறியது. பட்டருக்கு நடந்ததைப் பேபியே சொன்னாள், மீன் கை உட்பட. "உசிரைக் காப்பாத்தின கைக்குத் தீட்டு இல்லைம்மா. வனத்துல ஒரு இளநீர் வச்சுடு, போதும்" என்றார்.

விருந்து முடிந்து எல்லாரும் போன சாயங்காலம், தாயும் மகளும் பூ உதிர்ந்த பாயில் தனியாக இருந்தார்கள். பேபி மகளின் தலையிலிருந்து பூவை ஒவ்வொரு சரமாக எடுத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அன்னிக்கு அது செத்துப் போயிருந்தா?"

பேபியின் கை நின்றது. மழுப்பப் பார்த்தாள், வரவில்லை.

"சாரைன்னு சொல்லியிருப்பேன்டி" என்றாள். "ஊர்கிட்ட, பட்டர்கிட்ட, உங்கப்பா கிட்ட. உனக்காக நாகர் முன்னாடியே நின்னு பொய் சொல்லியிருப்பேன். அதுக்கப்புறம் உன் பிள்ளையைத் தூக்குறப்பல்லாம் கை நடுங்கியிருக்கும்."

பிரதிமா அம்மாவின் கையை எடுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள். பேபி கை நடுங்குகிறதா என்று பார்த்தாள். நடுங்கவில்லை.